பாண்டியாக் ஜி.டி.ஓ.: ஆர்டர் படிவத்தில் பிறந்த வண்டி

கேள்வி இதுதான்: “மசில் கார் என்றாலே பாண்டியாக் ஜி.டி.ஓ.தான் முதல் என்கிறார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவில் பெரிய எஞ்சின் வண்டிகள் ஓடினவே, இதில் அப்படி என்ன புதுசு? அவ்வளவு நன்றாக விற்ற வண்டி பத்தே வருடத்தில் எப்படிக் காணாமல் போனது?”

கேட்டவரின் சந்தேகம் நியாயமானது. மசில் கார் என்றால் நடுத்தர அளவு வண்டியில் பெரிய எஞ்சினை மாட்டி வேகத்துக்கென்றே செய்த கார். 1949-லேயே ஓல்ட்ஸ்மொபீல் ராக்கெட் 88 வந்துவிட்டது. 1955-ல் வந்த கிரைஸ்லர் சி-300 தன் 300 குதிரைத்திறனைப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நடுத்தர அளவு வண்டியில் பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், என்று கறாராகப் பார்த்தாலும், 1957-ல் ராம்ப்ளர் ரெபெல் இருக்கிறது. எஞ்சின் கொள்ளளவு 327 கன அங்குலம். 1,500 வண்டி செய்ததோடு சரி. ஆக ‘முதல்’ என்ற பட்டத்தை யாராவது வந்து கேட்டால் ஜி.டி.ஓ. கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பொறியியல் கணக்கில் அதில் புதுசு என்று ஒரு நட்டு போல்ட்டு கூடக் கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாமே கம்பெனியின் கிடங்கில் ஏற்கெனவே கிடந்த சாமான்கள். புதுசாக இருந்தது ஆர்டர் படிவம். அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே வீட்டில் அப்போது ஐந்து அண்ணன் தம்பிகள்: செவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், காடிலாக். விலை இதே வரிசையில் ஏறும். இரண்டாவது படியில் இருந்த பாண்டியாக், 1950-களின் நடுவில் வயசானவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எடுத்துப் போகும் வண்டி என்று பெயர் வாங்கியிருந்தது. 1956-ல் தலைமைக்கு வந்த பங்கி நுட்சன் முதல் வேலையாக, பானெட்டின் மேல் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த வெள்ளிப் பட்டைகளைப் பிடுங்கிப் போட்டார். அடுத்து வண்டிகளைப் பந்தயத்தில் இறக்கினார். 1962-ல் ஃபயர்பால் ராபர்ட்ஸ் டேடோனா 500 பந்தயத்தை பாண்டியாக் ஓட்டித்தான் ஜெயித்தார். அதே வருடம் விற்பனையில் பாண்டியாக் நாட்டிலேயே மூன்றாம் இடம். பந்தயத்தில் ஜெயித்தால் கடையில் விற்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட உண்மை.

அந்த நேரத்தில்தான் தலையில் கல் விழுந்தது. 1963 ஜனவரியில் ஜி.எம். மேலிடம் ஒரு உத்தரவு போட்டது: எந்தப் பிரிவும் இனிமேல் பந்தயத்தில் நேராகவோ மறைவாகவோ கலந்துகொள்ளக் கூடாது. அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் அப்போது ஜி.எம். கார்கள். இன்னும் வளர்ந்தால் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அரசு கம்பெனியைத் துண்டு போட்டுவிடும் என்ற பயம் மேல்மாடியில் இருந்தது. அதோடு பாதுகாப்பு பற்றிய பேச்சும் கிளம்பியிருந்தது. பந்தயத்தை நம்பி முகத்தை மாற்றிக்கொண்ட பாண்டியாக்குக்கு இது அடிமடியில் கை வைத்த மாதிரி. போதாக்குறைக்கு இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது.

நுட்சன் 1961-லேயே செவர்லேக்குப் போய்விட்டார். இப்போது தலைவர் பீட் எஸ்டஸ்; தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். ஆமாம், பின்னாளில் எவர்சில்வர் கார் செய்து நொடித்துப் போன அதே டிலோரியன்தான். இவர்கள் சனிக்கிழமைகளில் மில்ஃபோர்டு சோதனைத் தளத்தில் கூடி, செய்து பார்த்த வண்டிகளைச் சுற்றி நின்று பேசுவார்கள். அப்படி ஒரு நாள் பாண்டியாக்கின் நடுத்தர அளவு வண்டியான டெம்பஸ்டின் 1964-க்கான புது மாடல் லிப்டில் தூக்கி நின்றது. சேசிஸ் பொறியாளர் பில் காலின்ஸ் அடியில் நின்று பார்த்துவிட்டு, இதில் 326 எஞ்சின் இருக்கிற இடத்தில் 389-ஐயும் அப்படியே மாட்டிவிடலாமே என்று சொன்னாராம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாண்டியாக்கின் வி8 எஞ்சின்களுக்கு வெளி அளவு ஒன்றுதான். 326, 389 இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.75 அங்குலம்; சிலிண்டரின் குறுக்களவு மட்டும்தான் வேறு. மவுண்ட், வெளிக்கூடு, கியர் பாக்ஸ் பொருந்தும் முகம் எல்லாம் ஒன்றே. அதற்கு முந்தைய டெம்பஸ்ட் என்றால் இது நடந்திருக்காது. 1961 முதல் 1963 வரை வந்த டெம்பஸ்டில் கியர் பாக்ஸ் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும், எஞ்சினிலிருந்து வளைந்த மெல்லிய கம்பி மாதிரி ஒரு ஷாஃப்ட் அதற்குப் போகும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஆனால் பெரிய எஞ்சினின் முறுக்கைத் தாங்காது. 1964-ல் அதை விட்டுவிட்டு, தனி ஃபிரேம், முன்னால் கியர் பாக்ஸ், பின்னால் கனமான ஆக்ஸில் என்று சாதா அமைப்புக்கு வந்தார்கள். புதுமையைக் கைவிட்டதால்தான் ஜி.டி.ஓ. பிறந்தது என்று கூடச் சொல்லலாம்.

எஞ்சின் மாட்ட அரை நாள் வேலை. விதியை என்ன செய்வது? நம் பழமொழி ஒன்று உண்டே, அவன் கோலத்தில் பாய்ந்தால் இவன் தடுக்கில் பாய்வான் என்று. அதுதான் நடந்தது. புது மாடல் என்றால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய மாடலில் வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் கூடுதல் அயிட்டத்துக்கு, அதாவது ஆப்ஷனுக்கு, அது தேவையில்லை. ரேடியோ, வெள்ளை வளையம் போட்ட டயர் மாதிரி ஒரு ஆப்ஷன். சரி, அப்படியே ஆகட்டும் என்று டெம்பஸ்டின் ஒரு வகையான லெ மான்ஸ் வண்டியின் ஆர்டர் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். சுமார் 295 டாலர். அதற்கு 389 கன அங்குல எஞ்சின், இரட்டை சைலன்சர், தரையில் ஹர்ஸ்ட் கம்பெனியின் கியர் லிவர், விறைப்பான ஸ்பிரிங், சிவப்புக் கோடு போட்ட டயர், பானெட்டில் காற்றே புகாத இரண்டு பொய்த் துவாரங்கள். பேட்ஜில் ‘6.5 லிட்டர்’ என்று பொறித்தார்கள். 389 கன அங்குலம் என்பது 6.4 லிட்டர்தான். இந்த வண்டியின் கதையில் காகிதத்துக்கும் உலோகத்துக்கும் கணக்கு ஒத்துப்போவது அபூர்வம்.

பெயரும் அப்படித்தான். ஃபெராரி 250 ஜி.டி.ஓ.விலிருந்து டிலோரியன் கூசாமல் எடுத்துக்கொண்ட பெயர். அதில் ‘ஓ’ என்பது ‘ஓமொலோகாட்டோ’, பந்தய அமைப்பிடம் அங்கீகாரம் பெற்றது என்று பொருள். அங்கீகாரம் வேண்டுமென்றால் 100 வண்டி செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி செய்தது 40-க்கும் குறைவு. பழைய 250 ஜி.டி.யின் ஒரு வகைதான் இது என்று சொல்லி வாங்கிவிட்டார்கள். இத்தாலிக்காரர் ஏற்கெனவே புகுந்து போன சந்தின் பெயரையே டெட்ராய்ட்காரர் தன் சந்துக்கும் வைத்தார். பாண்டியாக் எந்த அங்கீகாரமும் பெற்ற வண்டி கிடையாது. ஃபெராரி ரசிகர்களுக்கு ரத்தம் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

எஸ்டஸ் கையெழுத்துப் போட்டார். விற்பனைப் பிரிவுத் தலைவர் பிராங்க் பிரிட்ஜுக்கு நம்பிக்கையில்லை. 5,000-க்கு மேல் போகாது, அதற்கு மேல் செய்யாதீர்கள் என்றார். மேலிடத்துக்கு விஷயம் தெரிவதற்குள் டீலர்களிடமிருந்து ஆர்டர்கள் குவிந்துவிட்டன. லாபம் வருகிறது என்றால் விதி கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும் அல்லவா? 1964-ல் விற்றது 32,450. விலை எல்லாம் சேர்த்து சுமார் 2,800 டாலரில் ஆரம்பம். வேகம் அதுவரை பெரிய, விலை அதிகமான வண்டிகளின் சொத்து. அதை இருபது வயசுப் பையன் தவணை கட்டி வாங்கும் விலைக்கு ஒரு தொழிற்சாலையே இறக்கிக் கொடுத்ததுதான் புதுசு. போருக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறை அப்போதுதான் லைசென்ஸ் வாங்கும் வயசுக்கு வந்துகொண்டிருந்தது.

சாதா எஞ்சின் 325 குதிரைத்திறன். கூடுதலாகக் கொடுத்தால் டிரை-பவர் என்ற மூன்று கார்புரேட்டர் எஞ்சின், 348. இதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சில வருடம் டெட்ராய்டுக்கு வடக்கே வேலை பார்த்தபோது, இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் 1964 ஹார்ட்டாப் ஒன்றை வைத்திருந்தார். டூல் அண்ட் டை வேலையில் ஓய்வுபெற்றவர். பானெட்டைத் தூக்கினால் வரிசையாக மூன்று கார்புரேட்டர், ஒவ்வொன்றின் தலையிலும் டிபன் பாக்ஸ் மூடி அளவில் ஒரு குரோம் ஃபில்டர். சும்மா ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும். ஆக்சிலரேட்டரைக் கீழே அழுத்தினால்தான் இரண்டு பக்கத்திலும் இருப்பவை திறக்கும். அந்தக் கணத்தில் சத்தம் மாறும். தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அதட்டுவது போல இருக்கும். ஹர்ஸ்ட் லிவர் கைக்குள் கல் மாதிரி கனமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கியரும் ‘டக்’ என்று விழுந்தது. எல்லாம் சரி, பிரேக்? நாலு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம். ஒரு முறை வேகத்திலிருந்து அழுத்தி நிறுத்தினார், நின்றது. இரண்டாவது முறை அழுத்தியபோது பெடல் போனது, வண்டி யோசித்தது. பெரியவர் சிரித்தார். “நிறுத்துவதற்கு யாரும் 295 டாலர் கேட்கவில்லை” என்றார். முன்சக்கர டிஸ்க் பிரேக் ஆப்ஷனாக வர 1967 ஆயிற்று.

விற்பனையை ஊதிப் பெருக்கியதில் விளம்பரக் கம்பெனியில் இருந்த ஜிம் வேங்கர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1964 மார்ச்சில் ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை ஃபெராரி ஜி.டி.ஓ.வையும் பாண்டியாக் ஜி.டி.ஓ.வையும் அட்டையில் மோத விட்டது. உண்மையில் ஃபெராரி அந்தச் சோதனைக்கு வரவே இல்லை. பாண்டியாக் 4.6 விநாடியில் மணிக்கு 60 மைல் தொட்டதாகவும், கால் மைலை 13.1 விநாடியில் ஓடியதாகவும் எழுதினார்கள். அந்த வண்டியில் இருந்தது 389 இல்லை, 421 கன அங்குல எஞ்சின் என்பதைப் பல வருடம் கழித்து வேங்கர்ஸே ஒப்புக்கொண்டார். இரண்டு எஞ்சினுக்கும் வெளி உருவம் ஒன்றுதானே, பார்த்து யார் கண்டுபிடிப்பது?

அந்த வண்டிகளைத் தயார் செய்து கொடுத்தது மிச்சிகனில் ராயல் ஓக் ஊரிலிருந்த ராயல் பாண்டியாக் என்ற டீலர். டெட்ராய்டிலிருந்து பாண்டியாக் ஊருக்குப் போகும் உட்வார்டு அவென்யூவில் இரவு நேரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடக்கும். ராயல் ஓக் அந்த வழியில்தான். இவர்கள் விற்ற ‘பாப்கேட்’ கிட் பற்றிப் பெரிய மந்திரம் மாதிரிப் பேசுவார்கள். பிரித்துப் பார்த்தால் மெல்லிய ஹெட் கேஸ்கெட், கார்புரேட்டருக்குக் கொஞ்சம் பெரிய ஜெட், டிஸ்டிரிபியூட்டரில் இக்னிஷனை முன்கூட்டித் தள்ளும் ஸ்பிரிங்கும் எடையும், மேனிபோல்டுக்கு வெப்பம் போகும் வழியை அடைக்கும் கேஸ்கெட், ராக்கருக்குப் பூட்டு நட்டு. அவ்வளவுதான். கம்பெனிக்குப் பந்தயம் தடை. டீலருக்குத் தடை இல்லை. இன்னொரு தடுக்கு.

1965-ல் முன்விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள்; விற்றது 75,352. 1966-ல் ஜி.டி.ஓ. ஆப்ஷன் என்ற வேஷத்தைக் கலைத்துவிட்டு தனி மாடல் ஆனது. அந்த வருடம் 96,946. அதுதான் உச்சம், அதற்குப் பிறகு அந்த எண்ணை அது தொடவே இல்லை. மேலிடம் மறுபடியும் விழித்துக்கொண்டு 1967-ல் செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட் தவிர வேறு எதிலும் ஒன்றுக்கு மேல் கார்புரேட்டர் கூடாது என்றது. டிரை-பவர் போயிற்று, எஞ்சின் 400 கன அங்குலம் ஆனது, குதிரைத்திறன் குறையவில்லை. இன்னொரு உள்விதி, 10 பவுண்டு எடைக்கு ஒரு குதிரைக்கு மேல் விளம்பரம் செய்யக் கூடாது என்றது. அதனால்தான் பிற்பாடு வந்த ராம் ஏர் 4 எஞ்சினுக்கு 370 என்று அடக்கமாக எழுதினார்கள். ஓட்டினவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு அடக்கம் என்று.

1968-ன் உடல்தான் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் அழகு. 1966-தான் அழகு என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். முன் பம்பரில் குரோமே இல்லாமல், உடல் நிறத்திலேயே எண்டியூரா என்ற ரப்பர் போன்ற பொருளால் மூக்கைச் செய்தார்கள். சின்னதாக இடித்தால் அமுங்கித் தானே நிமிர்ந்துகொள்ளும். ‘மோட்டார் டிரெண்ட்’ அந்த வருடத்தின் சிறந்த கார் பட்டம் கொடுத்தது. ஆனால் அதே 1968-ல் பிளிமத் ரோட் ரன்னர் வந்துவிட்டது. தரையில் விரிப்புக் கூட இல்லாத மொட்டை வண்டி, பெரிய எஞ்சின், 2,900 டாலருக்குள் விலை. ஜி.டி.ஓ. செய்த அதே வேலையை இன்னும் மலிவாகச் செய்தார்கள். பதிலுக்கு பாண்டியாக்கும் ஒரு மலிவு வண்டி செய்யத்தான் ஆரம்பித்தது. செய்து முடிக்கும்போது அது 332 டாலர் கூடுதல் விலையில், ஆரஞ்சு நிறத்தில், பின்னால் இறக்கை வைத்த ‘தி ஜட்ஜ்’ ஆகிவிட்டது. பெயர் அப்போதைய டிவி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் வசனத்திலிருந்து வந்தது. 1969-ல் 6,833 ஜட்ஜ் விற்றது. மொத்த ஜி.டி.ஓ. விற்பனையோ 72,287-க்கு இறங்கி, சொந்த வீட்டுத் தம்பி செவர்லேயின் செவல் எஸ்.எஸ். 396-க்குப் பின்னால் போய்விட்டது.

கடைசி ஆட்டம் 1970. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு குமிழ். இழுத்தால் சைலன்சரின் அடைப்பு விலகி ஊரே எழுந்து நிற்கும். இதை வைத்து ஒரு விளம்பரம் செய்து அந்த வருடத்து சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே போட்டார்கள். நாடே பார்த்தது, ஜி.எம். பெரியவர்களும் பார்த்தார்கள். விளம்பரம் நின்றது, ஆப்ஷனும் நின்றது. அதற்குள் வெளியே போனவை 233 வண்டிகள்தான்.

ஏன் செத்தது என்ற இரண்டாவது கேள்விக்கு, 1973-ன் எண்ணெய் நெருக்கடி என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தப்பு. எண்ணெய்த் தடை 1973 அக்டோபரில் வருகிறது, ஜி.டி.ஓ. 1971-லேயே 10,532-க்கு விழுந்துவிட்டது. 1966-ல் வாங்கியதில் பத்தில் ஒருவர்! முதல் காரணம் இன்ஷூரன்ஸ். 25 வயசுக்குட்பட்டவன், குதிரைத்திறன் அதிகமான வண்டி என்றால் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின; சில பையன்களுக்கு மாதத் தவணையைவிட இன்ஷூரன்ஸ் அதிகம் ஆனது. 295 டாலரில் வாங்கிய மகிழ்ச்சியை வேறொரு படிவம் திருப்பிப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது, புகைக் கட்டுப்பாடு. 1970-ல் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. ஈயம் இல்லாத பெட்ரோலுக்குத் தயாராக ஜி.எம். 1971-லேயே எல்லா எஞ்சின்களிலும் கம்ப்ரெஷனைக் குறைத்தது; அதோடு திறனும் குறைந்தது.

1972-ல் குதிரைகளை எண்ணும் முறையும் மாறியது. அதுவரை ஃபேன், ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மேசையில் வைத்து எண்ணினார்கள். இனி வண்டியில் இருக்கிறபடி எண்ண வேண்டும். 1971-ல் 300 என்று போட்ட 400 கன அங்குல எஞ்சின், 1972-ல் 250 ஆனது. அதில் பாதிகூட நிஜமான இழப்பு இல்லை, கணக்குத்தான். ஆனாலும் ஷோரூமில் தாளைப் படிக்கிறவன் கண்ணில் 50 குதிரை ஓடிப்போயிருந்தது. அதே வருடம் ஜி.டி.ஓ. பழையபடி லெ மான்ஸின் ஆப்ஷனாகச் சுருங்கியது. 1973-ல் 4,806. பிரிட்ஜ் சொன்ன 5,000 கடைசியில் பலித்துவிட்டது.

1974-ல் அந்தப் பெயரை வென்சுரா என்ற சின்ன வண்டியில் 350 கன அங்குல, 200 குதிரை எஞ்சினோடு ஒட்டி, 7,058 விற்றுவிட்டு மூடினார்கள். 2004-ல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவுக்கு அதே பெயர் வைத்துக் கொண்டுவந்தது தனிக்கதை. 2005-லிருந்து 400 குதிரை, அருமையாக ஓடும், பார்த்தால் யாருக்கும் ஜி.டி.ஓ. என்று தோன்றாது. மூன்று வருடத்தில் 40,808 செய்ததோடு சரி. பாண்டியாக்கே 2010-ல் இல்லாமல் போனது.

வாங்குகிற யோசனையில் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். 1966 முதல் 1971 வரை வந்த ஜி.டி.ஓ.க்களின் தொழிற்சாலை வரிசை எண் (நம்பர் பிளேட் எண் இல்லை) 242 என்று ஆரம்பிக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். 1964, 1965 வண்டிகளில் அது நடக்காது. ஆப்ஷன்தானே, எண்ணில் வெறும் லெ மான்ஸ் என்றுதான் இருக்கும். சாதா லெ மான்ஸில் 389-ஐ மாட்டி, பேட்ஜ் ஒட்டி விற்றவர்கள் ஏராளம். எஞ்சின் பிளாக்கின் முன்னால் அடித்திருக்கும் குறியைப் பாருங்கள். மேனுவல் கியரோடு டிரை-பவர் என்றால் 1964-ல் 76எக்ஸ். அதையும் அடித்துக்கொள்ள ஆள் உண்டு. நம்பத் தகுந்த ஒரே சாட்சி, தொழிற்சாலை டீலருக்கு அனுப்பிய பில். அதன் நகலை பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் வாங்கி வைத்திருந்தார். ஒரு மாலை கிளவ் பாக்ஸைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். ஆப்ஷனின் பெயர், எதிரே விலை. இது ஜெராக்ஸ் என்றார். வண்டிச் சாவி கராஜ் சுவரில் ஆணியில் தொங்கியது. ஒரிஜினல் தாள் பேங்க் லாக்கரில் இருந்தது.